சிந்தியதைத் துடைக்கப் போகும் முன்…

சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குள் போகிறவர்களின் கண்ணில் புகைபோக்கியோ ரசாயன ஆலையோ படாது. கண்ணாடிக் கட்டடங்களும் கம்பெனி பஸ்களும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்களும்தான் தெரிவார்கள். அதனால் ரசாயன விபத்து என்பது மணலிக்கும் எண்ணூருக்கும் உரிய சங்கதி என்று இங்கே பலரும் நினைக்கிறார்கள். ஆனால், எல்லா வளாகங்களுக்கும் ஒரு பின்பக்கம் உண்டு. டீசல் தொட்டி, பேட்டரி அறை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், துப்புரவுப் பொருள்கள் வைக்கும் ஸ்டோர் ரூம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஏதாவது கொட்டிவிட்டால் ‘போய்த் துடைத்துவிடு’ என்று முதலில் அனுப்பப்படுபவர்களும் அவர்கள்தான். இது பற்றிப் பொதுவாக எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

ஐ.டி. கம்பெனியில் அப்படி என்ன ஆபத்தான பொருள் இருந்துவிடப் போகிறது?

நிறைய இருக்கிறது. கரன்ட் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்பதால் ஜெனரேட்டர்களும் அவற்றுக்கான டீசலும் இல்லாத வளாகம் கிடையாது. அதானிகனெக்ஸ், சிஃபி, ஈக்வினிக்ஸ் போன்ற நிறுவனங்களின் தரவு மையங்கள் சிறுசேரிக்கு வந்த பிறகு இந்தத் தேவை இன்னும் கூடியிருக்கிறது. மொத்தம் 2,500 லிட்டருக்கு மேல் டீசல் வைத்திருந்தாலோ, 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரே கலனில் அடைத்து வைத்திருந்தாலோ பெட்ரோலியம் சட்டப்படி உரிமம் வேண்டும். யு.பி.எஸ். அறையில் இருக்கும் ஈய-அமில பேட்டரிக்குள் கந்தக அமிலம் இருக்கிறது. புதிய கட்டடங்களில் லித்தியம் பேட்டரி. கேன்டீனில் எரிவாயு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கேன் கேனாக ‘ஹைப்போ’ எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட். சிறுசேரி வழியாகச் செல்லும் சாலையில் திருப்போரூரைத் தாண்டித் தெற்கே போனால் ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை வந்துவிடும். எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள் மருந்துத் தொழிலின் அன்றாடப் பொருள்கள்.

தரையில் ஏதோ கொட்டிக் கிடக்கிறது. உடனே துடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

என்ன கொட்டியது என்று தெரியும்வரை துடைக்கக் கூடாது. முதலில் விலகி நிற்க வேண்டும். மற்றவர்களையும் விலகச் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கேனில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்ப்பது அதன் பிறகுதான், அதுவும் தொலைவில் நின்றே படிக்க முடிந்தால் மட்டும். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று உண்டு. உலகம் முழுவதும் அது 16 பகுதிகளைக் கொண்டது. 4-ஆம் பகுதியில் முதலுதவி, 6-ஆம் பகுதியில் கொட்டினால் என்ன செய்வது என்று இருக்கும். இந்தத் தாள் ஆங்கிலத்தில் அச்சாகி, பாதுகாப்பு அதிகாரியின் அறையில் ஃபைலுக்குள் கிடந்தால் மாப் பிடித்திருக்கும் பெண்ணுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பல இடங்களில் நடக்கும் ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். பெரிய கேனில் வரும் ஹைப்போவையும் ஆசிட்டையும் காலித் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி, மாடிக்கு ஒன்றாகக் கொடுத்து அனுப்புவார்கள். பாட்டிலில் பழைய குடிநீர் ஸ்டிக்கர் அப்படியே இருக்கும். இதைவிட ஆபத்தான பழக்கம் வேறு இல்லை. தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்டவர்களும் உண்டு. கொட்டினால் என்னவென்று கண்டுபிடிக்கவும் வழி இருக்காது.

மரத்தூள் தூவுவது நல்லதுதானே?

எண்ணெய்க்கு நல்லது. ஹைப்போ, நைட்ரிக் அமிலம் போன்றவற்றின் மேல் மரத்தூளோ பழைய துணியோ போடக் கூடாது. அவை மரத்தூளோடு வினைபுரிந்து சூடேறும், தீயும் பிடிக்கலாம். உலர்ந்த மணல் பெரும்பாலானவற்றுக்குப் பாதுகாப்பானது. பேட்டரி அமிலம் தரையில் சிந்தினால் சமையல் சோடாவை ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவலாம். நுரைத்துக்கொண்டு வரும்; நுரை நின்றால் அமிலம் தணிந்துவிட்டது என்று அர்த்தம். இதையும் கையுறையும் கண்ணாடியும் போட்டவர், பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். சிந்தியது என்னவென்று தெரியாவிட்டாலோ, ஆவி கிளம்பினாலோ, யாருக்காவது மூச்சு அடைத்தாலோ அது வீட்டு வேலை போலச் செய்து முடிக்கும் காரியம் அல்ல. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

கழிப்பறை நன்றாகச் சுத்தமாக வேண்டும் என்று ஆசிட்டோடு ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடுகிறோம். கண் எரிகிறது, இருமல் வருகிறது. அது சாதாரணம்தானே?

இல்லை. அந்தக் கலவையிலிருந்து வருவது குளோரின் வாயு. 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது என்பதால் தரையை ஒட்டித் தங்கும். குனிந்து, உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்குக்கு நேராக அது இருக்கும். ஜன்னல் இல்லாத சிறிய கழிப்பறையில் இது நுரையீரலைப் பாதிக்கும். சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத்திணறல் கூடலாம். ப்ளீச்சிங் பவுடர், ஹைப்போ இரண்டையும் ஆசிட்டோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும் சேர்க்கக் கூடாது. தெரியாமல் கலந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்கிறேன் என்று நிற்காமல் வெளியேறுங்கள். இருமல் நிற்காவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். எதை எதோடு கலந்தோம் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். கண்ணெதிரே சாகவிட முடியுமா? இறங்கித் தூக்கக் கூடாதா?

இறங்கக் கூடாது. இதைச் சொல்வது கொடுமையாக இருக்கும் என்பது தெரியும். ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் ஆறு பேர் இறந்தார்கள். முதலில் விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தவர், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்று அன்பினாலும் பதற்றத்தினாலும் இறங்கியவர்கள் அவர்கள். ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். மூடிய இடங்களில் நிகழும் மரணங்களை ஆராய்ந்த அமெரிக்காவின் தேசியப் பணிப்பாதுகாப்பு நிறுவனம், இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986-லேயே எச்சரித்தது.

காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் வரும் வாயு இது. பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவுக்கு இது ஏறினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். ‘இப்போது நாற்றம் இல்லை, இறங்கலாம்’ என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 500-ஐத் தாண்டினால் நினைவு தப்பும். 1,000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவார்கள். கைக்குட்டையும் துணி முகக்கவசமும் இந்த வாயுவைத் தடுக்காது. தொட்டிக்குள் ஆக்சிஜனும் குறைந்திருக்கும். காற்றில் அது 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அங்கே வெறும் முகத்தோடு யாரும் நுழையக் கூடாது. தீக்குச்சியைக் கிழித்துப் பார்ப்பது, விளக்கை இறக்கிப் பார்ப்பது எல்லாம் தொட்டியில் மீத்தேனும் இருக்கும் என்பதால் உயிருக்கே உலை வைக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? தீயணைப்புத் துறையை 101-இல் அழையுங்கள். கழிவுநீர்த் தொட்டி, ஆள் உள்ளே இருக்கிறார் என்று சொல்லுங்கள். எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கள். மூடிகளை எல்லாம் திறந்துவிடுங்கள். புளோயர் இருந்தால் வெளியிலிருந்து நல்ல காற்றை உள்ளே செலுத்துங்கள். விழுந்தவர் இடுப்பில் முன்பே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தபடியே இழுக்கலாம். அதனால்தான் இறங்குவதற்கு முன் வாயு அளவுமானி, பாதுகாப்புப் பட்டை, முக்காலி, வெளியே காவலுக்கு ஒருவர் எல்லாம் வேண்டும் என்கிறோம். உள்ளே போகத் தேவைப்படுவது தனிக் காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று தீர்ப்பளித்தது. கழிவுநீர்த் தொட்டியை இயந்திரத்தால் சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணில் அழைக்கலாம்.

வாயு கசிந்தால் ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டால் போதுமா?

வாயுவைப் பொறுத்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளோடு வெளியேறினார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும் என்பதால் ஈரத்துணி ஓரளவு உதவும், ஓடி வெளியேறும் நேரத்துக்கு மட்டும். கரைப்பான்களின் ஆவிக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் ஈரத்துணியால் பயனில்லை.

எந்தத் திசையில் போகிறோம் என்பதுதான் துணியைவிட முக்கியம். 1984 டிசம்பர் 2-3 இரவில் போபால் மக்களில் ஏராளமானோர் வாயு மேகத்தோடு சேர்ந்தே ஓடினார்கள். ஓட ஓட மூச்சு வாங்கி அதிக நச்சை உள்ளே இழுத்தார்கள். காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கமாகப் போக வேண்டும். சிறுசேரிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கடற்கரை இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். கோடைக் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழைந்ததும் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசத் தொடங்கும். காலையில் பாதுகாப்பாக இருந்த கூடுமிடம் மாலையில் வாயுவின் பாதையிலேயே இருக்கலாம். வளாகத்துக்கு எதிரெதிர்த் திசைகளில் இரண்டு கூடுமிடங்கள் வேண்டும். காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் ஒன்று கூரை மேல் பறக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கொடிக்கம்பத்தையோ மரக்கிளையையோ பாருங்கள்.

சர்வர் அறையில் அலாரம் அடித்தால் முதலில் லேப்டாப்பை எடுத்துக்கொள்ளலாமா?

எதையும் எடுக்கக் கூடாது. சில இடங்களில் தீயை அணைக்கக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை அறை முழுக்கத் திறந்துவிடும் ஏற்பாடு இருக்கும். காற்றில் அது 10 விழுக்காட்டைத் தாண்டினாலே நினைவு தப்பும். தீயணைக்கத் திறந்துவிடும் அளவோ அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அலாரத்துக்கும் வாயு வெளியேறுவதற்கும் இடையே விடப்படும் சில நொடிகள் மனிதர்கள் வெளியேறுவதற்காகத்தான். வேறு வகை வாயுக்கள் அந்த அளவுக்கு மூச்சை அடைக்காது என்றாலும் தீயில் பட்டு நச்சாக மாறக்கூடியவை உண்டு.

லித்தியம் பேட்டரி எரியும்போதும் நச்சு வாயுக்கள் வரும். அணைந்ததுபோல் தெரிந்து மறுபடியும் பற்றும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான அரசு இணையச் சேவைகள் முடங்கின. பேட்டரி உப்பியிருந்தாலோ, சீறும் சத்தமோ இனிப்பு கலந்த விநோத வாடையோ வந்தாலோ கிட்டே போய்ப் பார்க்க வேண்டாம்.

டீசல் கொட்டினால் தண்ணீர் அடித்து மழைநீர்க் கால்வாயில் தள்ளிவிடலாமா?

தள்ளக் கூடாது. டீசல் தண்ணீரின் மேல் மிதந்து இன்னும் பரவும். இந்தப் பகுதியின் வடிகால்கள் ஏரிகளுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் போகின்றன. அங்கிருந்து முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரம். நண்டும் இறாலும் பிடித்துப் பிழைப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, படகும் வலையும் கறுத்துப்போன மீனவர்களே வாளியும் குவளையுமாக அதை அள்ளினார்கள். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் கரையில் வாளிதான். சரியான கையுறையும் முகக்கவசமும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இரண்டு முறையும் நடந்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

டீசல் கொட்டினால் முதலில் வால்வை மூடுங்கள். வடிகால் வாயை மணல் மூட்டையால் அடையுங்கள். செல்போன், சிகரெட், வெல்டிங் எதுவும் பக்கத்தில் வேண்டாம். டீசல் எளிதில் பற்றாது என்பார்கள். நம் நாட்டு டீசலுக்கான தரத்தில் தீப்பற்றும் ஆவி கிளம்பும் வெப்பநிலை குறைந்தபட்சம் 35 டிகிரி என்றுதான் இருக்கிறது. மே மாத மத்தியானத்தில் சிமென்ட் தரை அதைவிடச் சூடாக இருக்கும். மணலில் ஊறிய டீசலைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. அது அபாயகரக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

கண்ணிலோ தோலிலோ பட்டுவிட்டால்?

தண்ணீர். நிறையத் தண்ணீர். கண்ணாக இருந்தால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. ரசாயனம் பட்ட சட்டையை, சேலையைக் கழற்றிவிட வேண்டும். கூச்சத்தால் தாமதித்து ஆழமாக வெந்துபோனவர்கள் உண்டு, ஒரு பெட்ஷீட்டைச் சுற்றிக்கொள்ளக் கொடுங்கள். மஞ்சள், பற்பசை, எண்ணெய், எலுமிச்சை எதுவும் வேண்டாம். தோலில் பட்ட அமிலத்துக்குச் சோடா போடவும் கூடாது. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போகும்போது எரித்தது வரும்போதும் எரிக்கும். லேபிளை செல்போனில் படம் எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மாதிரிப் பயிற்சி என்று வெயிலில் நிற்க வைக்கிறார்கள். அதனால் பயன் உண்டா?

ஒழுங்காகச் செய்தால் உண்டு. 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தார்கள். சைரனை ஒலிக்கச் செய்ய ஆலையில் 36 இடங்களில் வசதி இருந்தும் அது ஒலிக்கப்படவில்லை என்று ஆந்திர அரசின் உயர்நிலைக் குழு கண்டறிந்தது. கருவி இருந்தது, அதை அழுத்தும் பழக்கம் யாருக்கும் இல்லை. பயிற்சி என்பது அந்தப் பழக்கத்துக்காகத்தான்.

ஒரு குறையைச் சொல்ல வேண்டும். கூடுமிடத்தில் தலை எண்ணும்போது கம்பெனி ஊழியர்களின் பட்டியலை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், செக்யூரிட்டி, கழிவுநீர் நிலைய ஆபரேட்டர் ஆகியோரின் பெயர்கள் வேறு ஏஜென்சியின் பதிவேட்டில் இருக்கும். அந்த நேரத்தில் அடித்தளத்தில் ஒருவர் சிக்கியிருந்தால் அவரைத் தேடச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

இது ஆபத்தான வேலை, செய்ய மாட்டேன் என்றால் வேலை போய்விடாதா?

அந்தப் பயம் நியாயமானது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, உடனடி ஆபத்து இருப்பதாகக் கருதும் தொழிலாளி அதை எடுத்துச் சொல்லும் உரிமையைச் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் தன் உடல்நலம், பாதுகாப்பு தொடர்பான தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் சொல்லலாம். நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். வாயால் சொன்னதோடு நிற்காமல் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பிவையுங்கள், தேதியோடு சாட்சி கிடைக்கும். இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு இ.எஸ்.ஐ. மூலம் கிடைக்கும். விபத்து நடந்ததை நிர்வாகம் பதிவு செய்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாலையில் டேங்கர் லாரி கவிழ்ந்தால்?

கிட்டே போக வேண்டாம், வீடியோ எடுக்கவும் வேண்டாம். லாரியின் பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும். 1005 என்றால் அமோனியா, 1017 குளோரின், 1075 சமையல் எரிவாயு, 1203 பெட்ரோல், 1830 கந்தக அமிலம். அந்த எண்ணைத் தொலைவிலிருந்து படித்து 112-க்கோ 101-க்கோ சொன்னால், வரும் தீயணைப்பு வீரர்கள் தயாராக வருவார்கள். ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, நச்சு பற்றிய ஆலோசனைக்கு தில்லி எய்ம்ஸின் 1800 116 117.

சிறுசேரியில் கட்டட நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டோர் ரூமில் இருக்கும் ஒவ்வொரு கேனுக்கும் உரிய தகவல் தாளைத் தமிழிலும் இந்தியிலும் ஒரு பக்கமாகச் சுருக்கி அந்தக் கதவிலேயே ஒட்டுங்கள். லேபிள் இல்லாத பாட்டில்களை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். அடுத்த மாதிரிப் பயிற்சிக்கு முன், ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லோருடைய பெயரையும் தலை எண்ணும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இந்த மூன்றுக்கும் பெரிய செலவு ஏதுமில்லை, யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்கத் தேவையுமில்லை.